தந்தியை அடக்கும் கை

ஹட்டன் நகரிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறும் மலைப்பாதையின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களிலே கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் வீடு திரும்பி, அடுப்புப் புகை தகரக் கூரையின்மேல் படரும் மாலைப் பொழுதில், லயத்து வாசலில் யாரோ ஓர் இளைஞன் கிதார் வாசிக்கும் ஒலி கேட்பது இந்நாளில் புதுமையன்று. கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு வேண்டும். தேவாலயத்துப் பாடல்களுக்குத் துணைக் கருவி வேண்டும். பள்ளிக்கூடத்துக் கலைவிழாவுக்கும் வேண்டும். கொழும்பிலே கடைகளில் வேலை பார்க்கும் அண்ணன்மார் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பொருள்களுள் கிதாரும் சில வீடுகளில் இடம் பெற்றுவிட்டது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் மக்கள் நாவிலே திரிந்து இவ்வாறாயிற்று. தாளத்தின் ஓட்டத்தைக் குறிக்க இசை நூலார் வழங்கும் லயம் என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு எதுவுமில்லை. எனினும் இப்பெயர்ப் பொருத்தத்தை எண்ணி மகிழாமல் இருக்க முடியவில்லை. அந்த லயத்திலே ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் இருப்பது ஒரே சுவர். சில பழைய லயங்களில் அச்சுவர் கூரையைத் தொடுவதுமில்லை. ஆகவே ஒருவன் பழகும் ஒவ்வொரு பிழையும் பக்கத்துக் குடும்பத்தார் அனைவர் செவிக்கும் விருந்தாகிறது. கிதார் பழகுவோன் கூச்சப்பட்டுக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். ஆனால் பெரிய காரணம் வேறு.

முதல் மூன்று மாதம் எல்லாம் இனிதாகவே நடைபெறும். இலங்கைத் தீவிலே கிதார் காலூன்றியது பைலாப் பாடல்களோடு. போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இங்கு வந்தபின் அவர்கள் வழியாகத் தோன்றி, மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரிடையே கப்ரிஞ்ஞா ஆட்டமாக நிலைத்து, பின்னர் நாடெங்கும் பரவிய இசை அது. தமிழிலே அதன் சாயலுடன் வந்தது துள்ளிசை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பாடல்களை இலங்கை வானொலி வழியாகக் கேட்டுத் தாளம் போடாத தோட்டமில்லை. இலங்கையின் மெல்லிசையில் மின்கிதாருக்குப் பெரும் இடம் தேடித் தந்த கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்ததும் தேயிலை மலைகள் சூழ்ந்த அப்புத்தளையிலேதான். இத்தகைய பாடல்களுள் பலவற்றுக்கு மூன்று சுரக்கூட்டுகள் போதும். கிதார் வாசிப்போர் 'கார்ட்' என்று சொல்வதையே இங்கே சுரக்கூட்டு என்கிறோம்: பல சுரங்களை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்வது. ஸட்ஜமும் காந்தாரமும் பஞ்சமமும் சேர்ந்தால் ஒரு கூட்டு. மத்தியமத்தை அடியாகக் கொண்டு ஒன்று, பஞ்சமத்தை அடியாகக் கொண்டு ஒன்று. இம்மூன்றும் கைவந்துவிட்டால் திருவிழா மேடையில் ஏறிவிடலாம்.

அதன்பிறகு இளைஞனுக்கு இளையராஜாவின் பாட்டு ஒன்றை வாசிக்க வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. தமிழ்த் திரையிசையிலே 1976இல் 'அன்னக்கிளி' மூலம் நுழைந்த அவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர். தாமே கிதார்க் கலைஞர். மட்டக்களப்பையடுத்த அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா இயக்கிய 'மூடுபனி' 1980இல் வெளிவந்தது. அதிலே கதாநாயகன் கிதாரை மடியில் வைத்துப் பாடும் 'என் இனிய பொன் நிலாவே', ஈராண்டு கழித்து வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' ஆகியவை மலைநாட்டு இளைஞரையும் விட்டுவைக்கவில்லை. இத்தகைய பாடல்களை அணுகும்போதுதான் மூன்று கூட்டுக்காரன் திகைக்கிறான். அச்சிட்ட புத்தகத்தில் ஏழு என்றும் ஒன்பது என்றும் பதின்மூன்று என்றும் எண் பெற்ற கூட்டுகள் காணப்படுகின்றன. படத்தில் காட்டியபடியே விரல்களை வைக்கிறான். கையை வீசித் தந்திகளை மீட்டுகிறான். இனிமைக்குப் பதிலாக ஓர் இரைச்சல் எழுகிறது. கிதார் மட்டமானது என்றோ, தன் விரல் கட்டையானது என்றோ, தனக்குச் சுரஞானமே இல்லை என்றோ முடிவு செய்கிறான். பலருடைய கிதார் இந்த இடத்திலேதான் சுவரில் ஏறித் தொங்குகிறது.

குறை அம்மூன்றில் எதுவுமன்று. விரிந்த சுரக்கூட்டு என்பதன் இயல்பை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறிச் சென்றால் அடுத்துக் கிடைப்பது நிஷாதம். அதைச் சேர்த்தால் ஏழாம் கூட்டு. இன்னும் ஒன்றுவிட்டு ஏறினால் மேல் ஸ்தாயி ரிஷபம். ஸட்ஜத்திலிருந்து எண்ணினால் அது ஒன்பதாவது. அதற்குமேல் மத்தியமம் பதினோராவது, தைவதம் பதின்மூன்றாவது. ஆக, பதின்மூன்றாம் கூட்டை முழுமையாக ஒலிக்க வேண்டுமாயின் ஏழு சுரங்களும் ஒருங்கே வேண்டும். பியானோவில் இரு கைகளின் பத்து விரல்களும் பயன்படும்; அங்கு இடரில்லை. கிதாருக்கு உள்ளவை ஆறு தந்திகள். அவற்றை அழுத்த இடக்கையின் நான்கு விரல்கள். ஏழு சுரத்தை ஆறு தந்தியில் ஏற்றுதல் எவராலும் இயலாது.

எனவே சிலவற்றை விட்டாக வேண்டும். எதை விடுவது என்பதிலேதான் வாசிப்பவனின் அறிவு வெளிப்படுகிறது. முதலில் விடத்தக்கது பஞ்சமம். ஸட்ஜத்தோடு மிக நெருங்கிய உறவுடையதாதலால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டின் நிறம் பெரிதும் மாறாது. பதின்மூன்றாம் கூட்டிலே மத்தியமத்தையும் விடுவதே வழக்கம். அது அந்தர காந்தாரத்தோடு அரைச்சுர இடைவெளியில் மோதிக் கசப்பை உண்டாக்கும். குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவர் இருந்தால் ஸட்ஜத்தையே அவரிடம் ஒப்படைத்துவிடலாம். விடக்கூடாதவை காந்தாரமும் நிஷாதமும். அவையே கூட்டு இன்னது என்று காதுக்கு அறிவிப்பவை. அவற்றோடு, கூட்டுக்குப் பெயர் தந்த உயர்ந்த சுரம் ஒன்று. இவ்வளவு போதும்.

எடுத்துக்காட்டாக, 'ஜி' சுரத்தை ஸட்ஜமாகக் கொண்ட பதின்மூன்றாம் கூட்டைப் பார்ப்போம். மெல்லிய தந்தியை முதலாவது என்றும் தடித்ததை ஆறாவது என்றும் எண்ணுவது மரபு. வீணையில் மெட்டு எனப்படுவது போலக் கிதாரின் கழுத்திலும் உலோக மெட்டுகள் உண்டு. ஆறாம் தந்தியில் மூன்றாம் மெட்டைச் சுட்டுவிரல் அழுத்துகிறது: ஸட்ஜம். நான்காம் தந்தியில் அதே மூன்றாம் மெட்டை நடுவிரல்: கைசிகி நிஷாதம். மூன்றாம் தந்தியில் நான்காம் மெட்டை மோதிரவிரல்: அந்தர காந்தாரம். இரண்டாம் தந்தியில் ஐந்தாம் மெட்டைச் சிறுவிரல்: தைவதம். நான்கு விரலுக்கு நான்கு சுரம். ஏழு சுரக் கூட்டு நான்கில் அடங்கிவிட்டது. காதுக்கு ஒன்றும் குறைவதில்லை.

ஆனால் ஐந்தாம் தந்தியும் முதல் தந்தியும் சும்மா கிடக்கின்றன. கை வீசும்போது அவையும் அதிரும். இந்த இடத்தில் அவை 'ஏ', 'ஈ' என்னும் சுரங்களை ஒலித்துக் கூட்டை மெல்லக் கலக்கும், பெரிதும் உறுத்துவதில்லை. ஆகவே இளைஞன் கவனியாமல் விட்டுவிடுகிறான். அதே கைவடிவத்தை ஒரே ஒரு மெட்டு மேலே நகர்த்தட்டும். இப்போது ஸட்ஜத்துக்கு அரைச்சுரம் மேலே ஐந்தாம் தந்தியும், தைவதத்துக்கு அரைச்சுரம் கீழே முதல் தந்தியும் நின்று கத்தும். பலகையில் ஆணியால் கீறினாற்போல் இருக்கும். விரல்கள் நான்கும் சரியான இடத்திலேதான் இருக்கின்றன. கெடுப்பவை அழுத்தப்படாத தந்திகள்.

அவற்றை அடக்கும் வழிகள் பல. ஆறாம் தந்தியை அழுத்தும் சுட்டுவிரலைச் சற்றே சரித்தால் அதன் சதைப்பகுதி ஐந்தாம் தந்தியை மெல்லத் தொடும். அழுத்தலாகாது, தொடுதல் மட்டுமே. தந்தியின் அதிர்வைச் சதை உறிஞ்சிக்கொள்ளும். அதே சுட்டுவிரலின் அடிப்பகுதியோ, சிறுவிரலின் உட்புறமோ முதல் தந்தியின்மீது படிந்தால் அதுவும் ஓயும். வேறு கூட்டுகளில், ஐந்தாம் தந்தியை அழுத்தும் விரலின் நுனி சிறிது முன்னே நீண்டு ஆறாம் தந்தியை முட்டி நிற்கும். பெருவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்து ஆறாம் தந்தியைத் தடவி நிறுத்துவோரும் உளர். வலக்கையின் விளிம்பைத் தந்திகள் முடியும் பாலத்தினருகில் வைத்து எல்லாத் தந்திகளையும் அரைகுறையாக அடக்கும் முறை ஒன்றும் உண்டு. முன்னே சொன்ன லயத்துச் சுவரை நினைத்தால், இரவில் பழகுவோருக்கு இம்முறை மிகவும் ஏற்றது. அண்டை வீட்டாரின் நித்திரையும் கெடாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்தாம், ஏழாம், பன்னிரண்டாம் மெட்டுகளுக்கு நேர்மேலே ஒரே விரல் தந்தியை மெல்லத் தொட்டால் தந்தி ஓய்வதற்கு மாறாக மணியோசை போன்ற மேற்சுரம் ஒன்று பிறக்கும். அடக்க நினைத்தவன் புதிதாக ஒன்றை எழுப்பிவிடுகிறான். அத்தகைய இடங்களில் இரண்டு விரல்கள் தொட வேண்டும். அல்லது தொடும் இடம் சற்று விலக வேண்டும். இதை அறியாமல் நாள்முழுதும் தவிப்போர் உண்டு.

கையை வீசாமல், வேண்டிய நான்கு தந்திகளை மட்டும் பெருவிரலாலும் மற்ற மூன்று விரல்களாலும் கிள்ளி எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் போதும். ஆயினும் தொடாத தந்தி தானே அதிரும் இயல்புடையது. ஒரு தந்தியின் அதிர்வு மரப்பலகை வழியே சென்று, தனக்கு உறவான சுரத்தையுடைய மற்றத் தந்தியையும் எழுப்பிவிடும். மெதுவான பாட்டிலே அந்த எச்ச ஒலி ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குள் ஒழுகி வந்து சேரும். ஆகவே கிள்ளி வாசிப்பவனுக்கும் அடக்கும் கை வேண்டும்.

மேலைநாட்டிலே இக்கலையின் எல்லையைக் கண்டவர் அமெரிக்கரான பிரெடி கிரீன். கவுண்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவில் 1937இல் சேர்ந்து, 1987இல் காலமாகும்வரை ஐம்பது ஆண்டுகள் அதிலே கிதார் வாசித்தார். தனியாக முன்வந்து வாசிப்பதை அவர் விரும்பியவரல்லர். ஆறு தந்திகளின்மேலும் கை வீசுவார். ஆனால் பல வேளைகளில் ஒலிப்பவை மூன்றோ இரண்டோ. சில சமயம் நான்காம் தந்தி ஒன்றே தெளிவாகக் கேட்கும். மற்றவை விரற்சதையின் அடியில் அடங்கிக் கிடக்கும். அத்தனை ஊதுகருவிகளுக்கும் நடுவே அந்த மெல்லிய ஒலிதான் குழு முழுவதையும் நடத்திச் சென்றது என்று அவ்விசையை ஆராய்ந்தோர் கூறுவர்.

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. அடக்கும் கை தமிழருக்குப் பழைய சொத்து. மிருதங்கத்தில் 'நம்' என்னும் சொல்லை வாசிப்பவர் கையைக் கூர்ந்து நோக்குக. சுட்டுவிரல் விளிம்பிலே அடிக்கும்; அதே கணத்தில் மோதிரவிரல் நடுவிலுள்ள கருஞ்சோற்றின் ஓரத்தை மெல்லத் தொட்டு நிற்கும். தோலின் அடிப்படை அதிர்வை அந்த விரல் தடுத்துவிடுவதால் மேற்சுரம் மட்டும் தெளிவாக எழுகிறது. விஞ்ஞானி சி. வி. இராமன் இதனை ஆராய்ந்து 1920இலும், மீண்டும் 1934இலும் கட்டுரைகள் எழுதினார். சாதாரணத் தோற்கருவிகளில் மேலதிர்வுகள் ஒன்றுக்கொன்று இசையாமல் கிடக்க, மிருதங்கத்திலும் தபலாவிலும் அவை தந்திக் கருவிகளைப் போல் இசைந்து நிற்பதைக் காட்டினார். விரல் தொடும் இடத்தால் எந்த அதிர்வு நிற்கிறது, எது ஓய்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சிக்கு வழி திறந்தது.

மலைநாட்டிலே மிருதங்கத்தினும் நெருங்கிய உறவுடையது தப்பு. முற்காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்குத் தொழிலாளரை அழைத்தது அதன் முழக்கம். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக 1947இல் பாராளுமன்றம் சென்றவரும், தோட்ட மக்களின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தவருமான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்திலே அந்த விடியற்கால ஒலி நிலைத்திருக்கிறது. மாசி மாதத்துக் காமன் கூத்துக்குத் தப்பு, திருமணத்துக்கும் தப்பு, மரண வீட்டுக்கும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தொலைவிலே மலையின் மறுபுறம் நிற்பவன்கூட அடியைக் கேட்டே அங்கு நடப்பது இன்னது என்று அறிந்துகொள்வான்.

தப்புக்காரர் கையில் இரண்டு குச்சிகள். வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி. வலக்கை அடிக்கும்போது இடக்கைக் குச்சி தோலை விட்டு விலகியிருந்தால் ஒலி திறந்து முழங்கும். அது தோலிற் படிந்திருந்தால் ஒலி உடனே வறண்டு நிற்கும். திறந்த அடிக்கும் அடைத்த அடிக்கும் இடையிலுள்ள வேறுபாடே தப்பின் மொழி. எல்லா அடியும் திறந்தே ஒலித்தால் அது வெறும் முழக்கமாகும். ஆடுவோன் கால் எங்கே விழ வேண்டும் என்று அதிலிருந்து அறிய முடியாது. மூடுபனியிலே தோல் தளரும்; ஆதலால் கூத்துத் தொடங்குமுன் சருகைக் கொளுத்தி அதன் சூட்டிலே தப்பைக் காய்ச்சுவார்கள். ஒலியை எழுப்பவும் நிறுத்தவும் அறிந்த இந்தக் கைகளே, கிதார் பழகும் பிள்ளைக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ஆசான்.

ஆயின் பிள்ளை அங்கே செல்வதில்லை. காரணம் மறைக்கத்தக்கதன்று. தப்பைச் சாதியோடு பிணைத்து, அதை அடிப்பவரைத் தாழ்த்திப் பேசிய கொடுமை தமிழகத்திலிருந்து கங்காணிமாரோடு கப்பலேறி மலைநாட்டுக்கும் வந்தது. இன்னும் முற்றாக ஒழியவில்லை. தப்புக்காரரின் பேரன் கிதாரைத் தேர்ந்துகொள்வது, அக்கருவியின் மேல் யாருடைய இழிசொல்லும் ஒட்டியிராமையால். அவனைக் குறைகூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் மலையகத்திலும் இளைஞரும் யுவதிகளும் பறையை மேடையேற்றித் தலைநிமிர்ந்து வாசிப்பது நல்ல மாற்றம். எனினும் தோட்டத்திலே அடி முறைகளை முழுமையாக அறிந்த முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது. அவர்கள் கையிலுள்ளது எழுத்தில் இல்லை. பேரன் கிதாரோடு போராடும் வேளையில், அவன் தேடும் அதே வித்தை பாட்டனோடு மறைந்துகொண்டிருக்கிறது. இரண்டு கருவிகளையும் ஒரே திண்ணையில் வைத்துப் பழகுவதற்கு எந்தச் செலவும் இல்லை. மூன்று கூட்டு அறிந்த பிள்ளை ஒரு திறந்த அடிக்குக் கூட்டை ஒலிக்க விட்டும், ஓர் அடைத்த அடிக்கு இடக்கையின் அழுத்தத்தைத் தளர்த்தித் தந்திகளை ஓயச் செய்தும் தப்போடு சேர்ந்து வாசித்துப் பார்க்கட்டும். ஒரு வாரத்தில் அவன் இடக்கைக்குப் புத்தி வந்துவிடும்.

மலைநாட்டுக்கே உரிய சில இடையூறுகளையும் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. காலைக் குளிரில் விரல்கள் மரத்துவிடும். மரத்த விரலுக்குத் தொடுதலுக்கும் அழுத்துதலுக்கும் வேறுபாடு தெரியாது. தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் சிறிது நேரம் பற்றியிருந்த பின் பழகுவது நல்லது. பனி ஈரத்தில் உருக்குத் தந்தி துருப்பிடிக்கும். துருவேறிய தந்தியை விரல் தடவினாலே கீச்சென்று ஒலிக்கும். அடக்கச் சென்ற விரலே இரைச்சலை எழுப்பும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைக்க வேண்டும். ஈரக்காலத்தில் அடுப்புக்கு அருகே தொங்கவிடுவோர் உண்டு. தப்புக்குச் சூடு நன்மை செய்வது உண்மைதான், ஆனால் கிதாரின் பலகை அதே சூட்டில் வெடித்துவிடும்.

பழகும் முறை எளிது. மேலே சொன்ன பதின்மூன்றாம் கூட்டை நான்காம் மெட்டில் தொடங்கி வைத்துக்கொண்டு, தந்திகளை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, ஆறாவதிலிருந்து முதலாவது வரை தட்ட வேண்டும். ஆறாவது ஒலிக்கும். ஐந்தாவது ஒலித்தால் சுட்டுவிரலை ஒரு மயிரிழை சரிக்க வேண்டும். நான்கு, மூன்று, இரண்டு ஒலிக்கும்; அவற்றுள் ஒன்று மங்கினால் அடக்கும் சதை அளவுக்குமேல் பரந்துவிட்டது என்பது பொருள். முதலாவது ஓய்ந்திருக்க வேண்டும். ஆறும் சரியாக வரும்வரை கையை வீசுதல் கூடாது. பிறகு கையை வீசட்டும். ஐந்தாவதும் முதலாவதும் 'டப்' என்று வறண்ட ஓசையை மட்டும் தந்து நிற்கும். இடக்கைக் குச்சி படிந்திருக்க, வலக்கைக் குச்சி தோலில் விழும்போது கேட்பதும் அந்த ஓசைதான்.